தரை ஏறிய ஊர்: லண்டன் இடுகாடுகளுக்குள் ஐந்து நாள் நடை

முதல் நாள்: டவர் ஹில் முதல் பன்ஹில் வரை

வார நாளில் தொடங்குங்கள். பழைய மதிலுக்குள் இருந்த லண்டனைத்தான் 'சிட்டி' என்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே அலுவலகங்களோடு பல தேவாலயங்களும் பூட்டிக் கிடக்கும். டவர் ஹில் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து பன்ஹில் ஃபீல்ட்ஸ் வரை சுமார் 4 கிலோமீட்டர். நின்று பார்த்து நடக்க 4 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

தேவாலயத்தின் முன் நின்றதும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோர் வழக்கமும். இந்த ஐந்து நாளும் அதை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். தெருவிலிருந்து வாசலுக்குப் படி இறங்குகிறதா? பக்கத்துப் புல்தரை நடைபாதையைவிட முழங்காலளவு, இடுப்பளவு மேலே நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது பிணங்களால் ஏறிய தரை. இடிபாடுகளாலும் குப்பையாலும் தெருக்களும் உயர்ந்தவைதான். ஆனால் இடுகாடு தெருவையும் தாண்டி உயர்ந்திருக்கிறதென்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் ஊர்களில் சுடுகாடும் இடுகாடும் ஊர் எல்லைக்கு அப்பால், ஆற்றோரமாக இருக்கும். இங்கே நேர்மாறு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குத் தேவாலயத்தின் வளாகத்தில் புதைக்கப்பட உரிமை இருந்தது. பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். சிட்டிக்குள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பங்குகள் இருந்தன. இடமோ கையகலம். பல நூறு ஆண்டுகள் அதே கையகலத்தில் புதைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நடையின் கதை.

நிலையத்திலிருந்து கிழக்கே சில நிமிடம் நடந்தால் ராயல் மின்ட் கோர்ட், பழைய நாணயச் சாலை. 2018இல் சீன அரசு வாங்கிய வளாகம் என்பதால் உள்ளே போக முடியாது. வெளியே நின்றபடி தெரிந்துகொள்ள வேண்டியது இது: 1348–49 கொள்ளைநோயில் (அதுவும் பிளேக்தான்) இறந்தவர்களுக்கென்றே அவசரமாகத் திறந்த இடுகாடு இங்கே இருந்தது. 1986–88இல் அகழ்ந்தபோது நீள அகழிகளில் ஐந்து அடுக்கு வரை உடல்கள் கிடந்தன. அள்ளிக் கொட்டியிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. தலை மேற்கே, கால் கிழக்கே, வரிசை பிசகாமல் கிடத்தியிருந்தார்கள். ஊரே செத்துக்கொண்டிருந்த நேரத்திலும் முறை விடவில்லை. இந்த எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்துதான் 2011இல் அந்நோய்க் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸின் மரபணுத் தொகுதியை முழுமையாகக் கோத்தெடுத்தார்கள்.

திரும்பி மேற்கே வந்தால் சீதிங் லேன். அங்கே செயின்ட் ஓலேவ் தேவாலய இடுகாட்டின் வாயில் மேல் கல்லில் செதுக்கிய மண்டையோடுகள். இவை 1665 பிளேக்கின் நினைவு என்று சொல்லும் வழிகாட்டிகள் இன்றும் உண்டு. வாயிலில் பொறித்த தேதியைப் படியுங்கள்: 11 ஏப்ரல் 1658. பிளேக்குக்கு ஏழாண்டு முந்தையது. மண்டையோடு அக்காலத்தில் எந்த இடுகாட்டுக்கும் பொது அடையாளம், நம் ஊர் மின்கம்பத்து 'அபாயம்' பலகை மாதிரி.

உள்ளே போங்கள். படி இறங்கித்தான் தேவாலயத்துக்குள் போக வேண்டும். எதிரே கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் பிளேக் காலத்தில் ஊரை விட்டு விலகியிருந்து, 30 ஜனவரி 1666 அன்று இங்கே மறுபடி வந்தார். பிளேக்கில் இறந்தவர்களின் குழிகள் அத்தனை உயரமாக மேடிட்டுக் கிடப்பதைக் கண்டு, தான் நினைத்ததைவிட அதிகமாகப் பயந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதுகிறார். நாம் இறங்கும் படிகள் அவர் பார்த்த மேட்டின் மறுபக்கம். 1669இல் இறந்த மனைவி எலிசபெத்துக்கு அவர் வைத்த மார்பளவுச் சிலை பீடத்தருகே சுவரில் இருக்கிறது. 1703இல் அவரும் இங்கேயே அடக்கமானார்.

1665இல் லண்டனின் சாவுக் கணக்கு வாரந்தோறும் வியாழக்கிழமை அச்சாகி விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டின் மொத்தச் சாவு 97,306. அதில் பிளேக் 68,596. இரண்டாவது எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சாவுக்குக் காரணம் எழுதியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பிணத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய ஏழைக் கிழவிகள். பிளேக் என்று எழுதினால் அந்த வீட்டை 40 நாள் அடைத்து, கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை வரைந்துவிடுவார்கள். கிழவியின் கையில் நாலு காசு வைத்தால் 'காய்ச்சல்' என்று எழுதிவிடலாம்.

அடுத்து ஆல்ட்கேட், செயின்ட் பொட்டோல்ஃப். பிளேக்கின்போது இங்கே வெட்டிய பெருங்குழியை 'ராபின்சன் குரூசோ' எழுதிய டானியல் டெஃபோ விவரித்திருக்கிறார்: 40 அடி நீளம், 15, 16 அடி அகலம், இரண்டே வாரத்தில் 1,114 உடல்கள். 1665இல் அவருக்கு ஐந்து வயதுதான். எழுதியது 1722இல், கற்பனையும் ஆவணமும் கலந்து. ஆகவே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதே வளாகத்தில் செப்டம்பர் 1838இல் நடந்தது இன்னும் கொடியது. 20 அடி ஆழமான ஏழைகள் குழியொன்றில் இறங்கிய குழிவெட்டி மயங்கி விழுந்தார். காப்பாற்ற இறங்கியவரும் விழுந்தார். இருவரும் பிணம். அழுகலில் பிறக்கும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. ஆழக் குழியில் தண்ணீர் போலத் தேங்கும். மலக்குழியில் இறங்கியவரும் தூக்கப் போனவரும் சேர்ந்தே செத்தார்கள் என்ற செய்தியை இன்றும் தமிழ் நாளிதழில் படிக்கிறோம். ஏழைகள் குழியை 'நிறையும் வரை' மூடாமல் வைத்திருந்ததுதான் இங்கே காரணம். ஒரு பெட்டி, மேலே இரண்டு பலகை, அடுத்த பெட்டி, மறுபடி பலகை.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் பார்க்க எதுவுமில்லை. எலிசபெத் ரயில் பாதையின் நுழைவுக்கூடம் இருக்கிறது, அவ்வளவுதான். 1569இல் திறந்த 'புதிய இடுகாடு' இதே இடம். 2015இல் கூடத்துக்காகத் தோண்டியபோது 3,000க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். 2 செப்டம்பர் 1665இல் பிளேக்கில் இறந்த மேரி காட்ஃப்ரீ என்ற பெண்ணின் தலைக்கல்லும் கிடைத்தது, ஆனால் அவருடைய குழிமேல் அல்ல. யாரோ அதைப் பெயர்த்துப் பின்னாளில் சுவருக்கு அடிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். 2016இல் ஐந்து பேரின் பற்களில் பிளேக் கிருமி உறுதியானது. எடுத்த எலும்புகள் எஸ்ஸெக்ஸ் கரையோரத்துக் கான்வே தீவில் மறு அடக்கம் செய்யப்பட்டன. ரயிலுக்கு இடம்விட்டு எலும்பு ஊருக்கு வெளியே போவதை இந்த நடையில் இன்னும் மூன்று முறை பார்ப்போம்.

கடைசியாக, சிட்டி ரோட்டில் பன்ஹில் ஃபீல்ட்ஸ். 'எலும்பு மேடு' என்பது மருவி வந்த பெயர். 1549இல் செயின்ட் பால் பேராலயத்தின் எலும்பறையை இடித்து, ஆயிரம் வண்டிக்கு மேல் எலும்பைக் கொண்டுவந்து இந்தச் சதுப்பில் கொட்டினார்கள். மேடு உயர்ந்து அதன் மேல் காற்றாலைகளே நின்றன. 1665இல் பிளேக் பிணங்களுக்கென மதில் கட்டினார்கள். ஆனால் பிஷப் வந்து புனிதப்படுத்தவில்லை. அந்தக் குறையே இதன் நிறையாயிற்று. ஆங்கிலிக்கச் சபையை ஏற்காதவர்கள் அதன் சடங்கு இல்லாமலே இங்கே புதைத்துக்கொள்ள முடிந்தது. 1854இல் மூடும் வரை 4 ஏக்கரில் ஏறக்குறைய 1,20,000 பேர்.

டெஃபோவின் தூபி 1870இல் சிறுவர் சிறுமியர் திரட்டிய பணத்தில் எழுந்தது. பதிவேட்டில் அவர் பெயரை 'டுபோ' என்று பிழையாக எழுதிப் புதைத்திருந்தார்கள். புள்ளியியல் படித்தவர்கள் தாமஸ் பேய்ஸின் குடும்பக் கல்லறையைத் தேடுவார்கள். அது கம்பிவேலிக்கு அப்பால் இருக்கிறது. கவிஞர் வில்லியம் பிளேக்குக்குப் பழைய கல் 'இங்கே அருகில்' என்று மட்டுமே சொல்லும். சரியான இடத்தைக் கண்டுபிடித்து 2018இல் புல்தரையில் புதுக்கல் பதித்திருக்கிறார்கள். பலர் பழையதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் தேர்வு மேரி பேஜ் அம்மையாரின் பெட்டிக் கல்லறை. 1728இல் இறந்தவர். ஒரு பக்கம் முழுக்கக் கல்வெட்டு: 67 மாதத்தில் 66 முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள், மொத்தம் 240 கேலன், ஒருமுறைகூட முறையிடவில்லை. வீரக்கல்லில் போர் விவரம் பொறிப்பது போல நோய் விவரம் பொறித்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: ஸ்மித்ஃபீல்ட்

இன்று 2 கிலோமீட்டர்கூட இல்லை. பார்பிகன் நிலையத்திலிருந்து சார்ட்டர்ஹவுஸ் சதுக்கம் இரண்டு நிமிடம். வால்டர் டி மேனி என்ற போர்த்தளபதி 13 ஏக்கரைக் கொள்ளைநோய்ப் பிணங்களுக்காகப் பெற்றுத் தந்த இடம். 2013இல் சதுக்கத்தின் ஓரத்தில் ஆழ்துளை இறக்கியபோது 25 எலும்புக்கூடுகள், அடுக்கடுக்காக. பக்கத்து அருங்காட்சியகத்தில் அவற்றில் ஒன்று கண்ணாடிக்குள் கிடக்கிறது. புல்லின் மேல் நடக்கும்போது மண் திடமாகத்தான் தெரியும்.

செயின்ட் பார்த்தலோமியோ தி கிரேட் 1123இல் தோன்றியது. வாயிலைத் தாண்டியதும் வரும் திறந்த இடுகாட்டில் நின்று தரையைக் கவனியுங்கள்: நீங்கள் நிற்பது பழைய தேவாலயத்தின் நடுக்கூடம். 16ஆம் நூற்றாண்டில் மடத்தைக் கலைத்தபோது கூடத்தை இடித்துவிட்டார்கள். எஞ்சிய பகுதிக்குள் நுழையக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து கில்ட்ஸ்பர் தெரு முனையில், பொன் பூசிய குண்டுக் குழந்தைச் சிலை. 1666 பெருந்தீ நின்ற இடத்தின் அடையாளம். அதன் கீழுள்ள எழுத்தைப் படிக்காமல் போகாதீர்கள். 1910 வரை இங்கே ஒரு மதுக்கடை இருந்தது. பிணத்திருடர்கள் கொண்டுவந்த உடல்களைக் கடையின் அறையில் பெஞ்சுகளில் கிடத்தி, ஒவ்வொன்றிலும் கொண்டுவந்தவன் பெயரை எழுதி வைப்பார்கள். எதிரே உள்ள பார்ட்ஸ் மருத்துவமனையிலிருந்து மருத்துவர்கள் வந்து விலை பேசுவார்கள்.

இந்தத் தொழில் ஏன் நடந்தது, எப்படி நடந்தது? 1752 சட்டப்படி அறுத்துப் பார்க்கக் கிடைத்தவை தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள் மட்டும். உடற்கூறு படிக்கும் மாணவர்களோ ஆண்டுக்கு ஆண்டு பெருகினார்கள். திருடன் முழுக் குழியையும் தோண்ட மாட்டான். தலைப்பக்கம் மட்டும், சத்தம் வராத மர மண்வெட்டியால். பெட்டி மூடியின் தலைமாட்டைக் கொக்கி மாட்டி இழுத்தால், மீதி மூடியை மேலுள்ள மண்ணின் எடை அழுத்திப் பிடித்திருப்பதால் பலகை நடுவில் முறியும். கயிறு போட்டு உடலை உருவிவிடலாம். உருவியதும் துணியைக் கழற்றித் திரும்பக் குழியில் போட்டு மூடுவான். இங்கேதான் சட்டத்தின் வேடிக்கை. இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல. எனவே அதை எடுப்பது சிறு குற்றம். சவத்துணி குடும்பத்தின் சொத்து. அதைத் திருடினால் பெருங்குற்றம்.

பணமிருந்தவர்கள் ஈயப் பெட்டி வாங்கினார்கள், நிலவறையில் வைத்தார்கள், காவல் போட்டார்கள். செயின்ட் செபல்கர் தேவாலயத்தையொட்டி நிற்கும் சிறு காவல் வீடு 1791இல் அதற்காகவே எழுந்தது. இப்போது நிற்பது 1941 குண்டுவீச்சுக்குப் பின் திரும்பக் கட்டியது. ஏழைகள் குழி மூடப்படாமலே கிடந்ததால் அங்கே தோண்டும் வேலையே இல்லை. 1831இல் ஜான் பிஷப், தாமஸ் வில்லியம்ஸ் என்ற இருவர் தோண்டுவதையும் விட்டுவிட்டு, ஆளைக் கொன்றே விற்றார்கள். ஒரு சிறுவனின் உடலுக்கு 12 கினி (அக்காலத் தங்க நாணயம்) கேட்டு 9க்குப் படிந்தபோது, உடல் புதைக்கப்பட்டதாகவே தெரியவில்லையே என்று கல்லூரியில் சந்தேகப்பட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே உடற்கூறு சட்டம் வந்தது. ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதிகளில் இறந்து யாரும் கேட்டு வராத உடல்கள் இனி மருத்துவப் பள்ளிக்கு. திருட்டு நின்றது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது ஏழைக்கு விதியாயிற்று.

செபல்கர் உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் கைமணி. ராபர்ட் டவ் என்ற வணிகர் 1605இல் 50 பவுன் கொடுத்து ஏற்பாடு செய்தது: தூக்குக்கு முந்தின நள்ளிரவில் நியூகேட் சிறையில் கைதியின் அறைக்கு வெளியே 12 முறை அடிப்பார்கள், பாவமன்னிப்புக் கேள் என்று. நல்ல மனதோடுதான் செய்திருப்பார். கைதிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்க யாருமில்லை.

முடிவில் போஸ்ட்மேன்ஸ் பார்க். தெருவிலிருந்து மேலே ஏறித்தான் போக வேண்டும். மூன்று பங்குகளின் இடுகாடுகள் சேர்ந்த மேடு. தலைக்கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். பகல் உணவு நேரத்தில் பெஞ்சு கிடைக்காது. மரக் கூரையின் கீழ் ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் 1900இல் தொடங்கிய நினைவுச் சுவர்: பிறரைக் காக்கப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களின் பெயர்கள், ஓட்டுப் பலகைகளில். ஆலிஸ் ஏயர்ஸ் பலகையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொத்துக் கூலியாளின் மகள். 1885 ஏப்ரலில் பரோ பகுதியின் யூனியன் தெருவில் தீப்பிடித்த வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றி இறந்தார். நாளை நடக்கும் தெரு அதுதான்.

மூன்றாம் நாள்: ஆற்றுக்குத் தெற்கே

பரோ நிலையத்திலிருந்து ஏயர்ஸ் தெரு வழியாக யூனியன் தெரு. ஏயர்ஸ் தெரு 1936இல் ஆலிஸின் நினைவாகப் பெயர் மாற்றியது. ரெட்கிராஸ் வே திரும்பினால் ரிப்பன்களும் சாவிகளும் பொம்மைகளும் கட்டித் தொங்கும் இரும்புக் கதவு. கிராஸ் போன்ஸ் இடுகாடு. உள்ளே இருக்கும் தோட்டத்தைத் தன்னார்வலர்கள் சில மதியங்களில்தான் திறப்பார்கள். பூட்டியிருந்தாலும் கதவே போதும். மாதந்தோறும் 23ஆம் தேதி மாலை இங்கே கூடி நினைவு கொண்டாடுகிறார்கள்.

வழக்கமாகச் சொல்லும் கதை: வின்செஸ்டர் பிஷப்பின் உரிமம் பெற்று இங்கே தொழில் செய்த பாலியல் தொழிலாளிகளுக்குத் தேவாலய இடுகாட்டில் இடம் மறுத்து, இங்கே புதைத்தார்கள். 1598இல் ஜான் ஸ்டோ 'தனிப் பெண்களின் இடுகாடு' ஒன்று உண்டு என எழுதினார். அது இந்த இடம்தான் என்று அவர் சொல்லவில்லை. 1990களில் ஜூபிலி ரயில் பாதைக்காக எடுத்த 148 எலும்புக்கூடுகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பிறக்கும் தறுவாயிலோ பிறந்த ஒரு வாரத்துக்குள்ளோ இறந்த சிசுக்கள். கதவில் கட்டிய பொம்மைகள் தற்செயலாக உண்மைக்கு அருகில் இருக்கின்றன. சேரி ஏழைகளின் இடுகாடு இது. அதற்கு மேல் சொல்லச் சான்று இல்லை. 15,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. 1853இல் 'இனி இடமில்லை' என்று மூடினார்கள். 1883இல் மனையாக விற்கப் பார்த்தார்கள். மறு ஆண்டே பழைய இடுகாடுகளில் கட்டடம் எழுப்பத் தடைச் சட்டம் வந்தது. நகரத்தின் நடுவே இன்று காணும் சிறு பூங்காக்கள் பல அந்தச் சட்டத்தால் பிழைத்தவை.

1850களில் லண்டன் மொத்தமாக இடுகாடுகளை மூடியதற்கு ஸ்ட்ராண்ட் பக்கத்து ஈனன் சேப்பல் போன்ற இடங்களும் காரணம். 1822இல் திறந்த தனியார் வழிபாட்டுக்கூடம். கீழே நிலவறை, இடையே வெறும் மரப்பலகைத் தரை. மலிவுக் கட்டணத்தில் சுமார் 12,000 உடல்களை அதற்குள் இறக்கியதாகக் கணக்கு. ஜார்ஜ் வாக்கர் என்ற மருத்துவர் 1839இல் இவற்றையெல்லாம் எழுதிப் போராடினார். அழுகல் நாற்றமே நோய் பரப்பும் என்பது அவர் நம்பிக்கை. காரணம் தப்பு, கோரிக்கை சரி.

இடுகாடுகளை மூடிவிட்டால் ஆண்டுக்குப் பல்லாயிரம் பிணங்களை எங்கே கொண்டுபோவது? விடை மேற்கே 2 கிலோமீட்டரில், லாம்பெத் நார்த் நிலையத்தருகே: 121, வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ் ரோடு. நல்ல அகல வளைவுகளோடு ஓர் அலுவலகக் கட்டடம். ஊருக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டுக்குப் பிணங்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்காக 1902இல் கட்டிய நிலையத்தின் முகப்பு. பெயர்ப்பலகை தேடினால் ஏமாற்றம்தான். எண்ணைப் பார்த்து அடையாளம் காண வேண்டும்.

பத்து நிமிடம் மேற்கே, லாம்பெத் பாலத்தடியில், தோட்ட அருங்காட்சியகமாகிவிட்ட செயின்ட் மேரி தேவாலயம். 2016இல் தரை வேலை பார்த்தவர்கள் ஓட்டை ஒன்றைக் கண்டு, கைப்பேசியைக் கம்பில் கட்டி உள்ளே விட்டார்கள். ஈயப் பெட்டிகள் 30. ஒன்றின் மேல் பொன் பூசிய பேராயர் மகுடம். ஆங்கிலிக்கச் சபையின் தலைமைக் குருக்களான கேன்டர்பரி பேராயர்கள் ஐவர் அங்கே கிடந்தார்கள். யாரும் அவர்களை வெளியே எடுக்கவில்லை. திரும்ப மூடிவிட்டார்கள். காலையில் பார்த்த 148ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: புரூக்வுட்

வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட்டுக்கு நேர் ரயில், முக்கால் மணி நேரத்துக்குள். 13 நவம்பர் 1854இல் முதல் பிண ரயில் போன அதே திசை. கட்டணத்தைச் சட்டமே விதித்திருந்தது: உயிரோடு இருப்பவர்க்குப் போக வர முதல் வகுப்பு 6 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங். சவப்பெட்டிக்கு முதல் வகுப்பு 1 பவுன், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். பெட்டிக்கு ஒரு வழிச் சீட்டுதான். ஆங்கிலிக்கர் சவப்பெட்டியும் மற்றவர் சவப்பெட்டியும் ஒரே ரயில் பெட்டியில் கலக்கக் கூடாது. வகுப்பும் கலக்கக் கூடாது. சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. துக்கச் சீட்டு சாதாரணச் சீட்டைவிட மலிவு என்பதால், பக்கத்துக் கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறவர்கள் கறுப்புச் சட்டை போட்டு ஏறினார்களாம். 1941 ஏப்ரல் 16 இரவு குண்டு விழுந்து லண்டன் நிலையம் எரிந்தது. சேவை திரும்ப வரவில்லை.

புரூக்வுட் நிலையத்தின் தெற்கு வாசலில் இறங்கினால் இடுகாடு தொடங்கிவிடும். நாள் முழுக்க நடந்தாலும் தீராத பரப்பு. மழைக்குப் பின் காலணி புதையும் மண். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நாம் பார்க்க வேண்டியது பார்சிப் பகுதி. பிணத்தைக் கழுகுக்கு இடும் அமைதிக் கோபுரம் பிரிட்டனில் இல்லாததால், 1862இல் இங்கே நிலம் வாங்கினார்கள். 1904இல் ஜெர்மனியில் இறந்த ஜாம்ஷெட்ஜி டாடா இங்கேதான் இருக்கிறார். மகன் டோராப்ஜியும் மருமகள் மெஹர்பாயும் இங்கேதான்.

அருகிலுள்ள வோக்கிங்கில்தான் பிரிட்டனின் முதல் அதிகாரபூர்வத் தகனம் 1885இல் நடந்தது. அந்த நிலமும் இந்த இடுகாட்டையும் பிண ரயிலையும் நடத்திய கம்பெனி விற்றதே. பிணத்தைப் புதைக்கத் தொடங்கிய கம்பெனி எரிப்பதற்கும் இடம் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் உலை கட்டி ஆறாண்டு சும்மா கிடந்தது.

ஐந்தாம் நாள்: செயின்ட் பேங்க்ரஸ், ஹைகேட்

கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து பேங்க்ரஸ் ரோடு வழியாகப் பத்து நிமிடம், செயின்ட் பேங்க்ரஸ் ஓல்ட் சர்ச். சுற்றுவெளி தெருவிலிருந்து மேடாகத் தெரியும். 1860களில் மிட்லண்ட் ரயில் பாதைக்காக ஆயிரக்கணக்கான உடல்களை அகற்றினார்கள். மேற்பார்வைக்கு அனுப்பப்பட்ட இளம் கட்டடக்கலைஞர், பின்னாளில் நாவலாசிரியரான தாமஸ் ஹார்டி. மரத்தடியில் வட்டமாக அடுக்கிய தலைக்கற்களுக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அவரே அடுக்கினார் என்பதற்கு ஆவணம் கிடையாது. டிசம்பர் 2022இல் மரம் விழுந்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு மரம் தேடி வருபவர்களுக்குக் கற்குவியல்தான் மிச்சம். கட்டடக்கலைஞர் ஜான் சோன் 1815இல் இறந்த மனைவிக்கு எழுப்பிய கல்லறையின் கூரையைக் கவனியுங்கள்; லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு அந்த வளைவிலிருந்து வந்தது என்பார்கள்.

யூஸ்டனுக்குப் பின்புறம் இருந்த செயின்ட் ஜேம்ஸ் தோட்டம் இப்போது அதிவேக ரயில் பாதையின் கட்டுமானப் பகுதி. அங்கே பல்லாயிரம் உடல்களை எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வரைபடமாக்கிய மாத்யூ ஃபிளிண்டர்ஸை ஜனவரி 2019இல் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், பெட்டியின் மார்புத் தகடு ஈயத்தால் செய்தது. மலிவான தகரத் தகடு துருப்பிடித்து எழுத்தைத் தின்றுவிடும். அவருக்கு 2024இல் சொந்த ஊரான டானிங்டனில் மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. தகரத் தகட்டுக்காரர்கள் பெயரில்லாமல் மொத்தமாகப் போனார்கள்.

மதியம் ஹைகேட் இடுகாடு. ஹைகேட் என்ற நிலையத்தில் இறங்காதீர்கள். ஆர்ச்வேயில் இறங்கி, மேடேறி, வாட்டர்லோ பார்க் வழியாக நடப்பதே நேர் வழி. நுழைவுச்சீட்டு உண்டு, முன்பதிவு நல்லது. கிழக்கில் மார்க்ஸ்: 1883இல் ஓர் ஓரத்தில் புதைத்தவரை 1954இல் பாதையோரத்துக்கு மாற்றி, 1956இல் அந்தப் பெருந்தலையை வைத்தார்கள். கூட்டம் அங்கேயே நின்றுவிடும். மேற்குப் பகுதியைத் தவறவிடாதீர்கள். மைக்கேல் ஃபாரடே அங்கே, ஆங்கிலிக்கர் அல்லாதாருக்கு ஒதுக்கிய ஓரத்தில் இருக்கிறார்.

1839இல் திறந்த இந்தத் தனியார் தோட்டம் 'என்றென்றைக்கும்' என்று எழுதிக் கொடுத்துக் குழி விற்றது. விற்க இடம் தீர்ந்ததும் பராமரிக்கப் பணமும் தீர்ந்தது. 1975இல் அதைக் காக்கத் தன்னார்வலர் அமைப்பு தொடங்கியபோது முழுக்கக் காடு. இப்போது 2022இல் நாடாளுமன்றம் தந்த தனிச் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேல் புதைப்பு நடக்காத பழைய குழிகளை அறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். எலும்பை எடுத்து, குழியை ஆழமாக்கி, பழையவரை அடியில் வைத்து, மேலே புதியவர். குடும்பத்தார் மறுத்தால் தொட மாட்டார்கள். மறுக்கக் குடும்பம் மிஞ்சியிருக்க வேண்டும்.

எகிப்தியப் பாணி வாயில் வழியாக 'லெபனான் வட்டத்து'க்கு ஏறுங்கள். இங்கே கணக்கு தலைகீழ். ஏற்கனவே நின்ற தேவதாரு மரத்தைச் சுற்றி மண்ணை வட்டமாக வெட்டி எடுத்து, அந்த வெட்டில் நிலவறைகளைக் கட்டினார்கள். மரம் தொட்டியில் வைத்த செடி போலக் கல்லறைக் கூரைகளுக்கு மேலே நின்றது. பூஞ்சை பிடித்து 2019இல் அதை வெட்ட வேண்டியதாயிற்று. அதே மேட்டில் இளங்கன்று ஒன்று நட்டிருக்கிறார்கள். வட்டப் பாதையில் நின்று தலைக்கு மேல் பார்த்தால் 1839க்கு முந்தைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பது தெரியும். கல் வழுக்கும், மாலையில் கதவடைக்கும் முன் இறங்கிவிடுங்கள்.